நடுவழியில் நின்ற சம்மனசு

நான் இதுவரை வடிவமைத்த பொருட்களில் நிஜமாகவே பறந்தது ஒன்றே ஒன்றுதான். அது பறந்திருக்கவே கூடாது.

நான் தொழிற்சாலைகளில் தயாராகும் பொருட்களை வடிவமைக்கிறவள். ("ஓ, டிராயிங்கா?" என்பவர்களுக்கு: இல்லை. "இன்டீரியரா?" என்பவர்களுக்கு: அதுவும் இல்லை. "சுடிதாருக்குக் கழுத்து டிசைன் போட்டுத் தருவியா?" என்று கேட்ட எதிர்வீட்டு அக்காவுக்குப் பதில் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டேன்.) உங்கள் வீட்டு மிக்சி மூடியை ஈரக்கையோடு பிடித்தாலும் வழுக்கவில்லை என்றால், அதற்காக எங்கேயோ ஒருத்தி உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். அந்த ஒருத்தி நான். விமான இருக்கையில் ஆரம்பித்து மிக்சி, ஆஸ்பத்திரிக் கட்டில், பள்ளிக்கூட வேன், சக்கர நாற்காலி என்று போய், இப்போது குழந்தைத் தொட்டிலில் வந்து நிற்கிறேன். கம்பெனி மாறியதே தவிர என் கை மாறவில்லை. எதைக் கொடுத்தாலும் அதற்கு ஒரு இறக்கை முளைத்துவிடும். ஒருமுறை மேசை மின்விசிறிக்குப் பின்னால் அழகாக ஒரு வால் வைத்தேன். அந்த முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், இது காத்து குடுத்தா போதும். கெளம்பிப் போவ வேணாம்" என்றார். அவர் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் என் கோப வரிசையில் அவர் ரொம்பப் பின்னால் நிற்கிறார். முதல் இடத்தில் பதினைந்து வருடமாக அசையாமல் நிற்பவர் என் தாய்மாமன் சவரிமுத்து.

அந்தக் கதையைச் சொல்கிறேன். சொல்லும்போது குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலூரில் விமான நிலையம் கிடையாது. எனக்கு விமானம் என்றால் துறைமுகத்தில் மீன் ஏலம் போடும் இடத்துக்கு மேலே நிற்கும் செம்பருந்துதான். பறக்கும் என்று எழுதவில்லை, நிற்கும் என்றுதான் எழுதுகிறேன். கடற்காற்றில் இறக்கையை விரித்துவிட்டு, ஒரு தடவைகூட அடிக்காமல், ஆணி அடித்த மாதிரி ஆகாயத்தில் நிற்கும். அம்மா கீழே சங்கரா மீனுக்குப் பேரம் பேசுவாள். நான் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்ப்பேன். "பையைப் புடிடி. அது எங்கியும் போவாது" என்று தலையில் குட்டு விழும். அந்தக் குட்டோடுதான் வளர்ந்தேன். சென்னையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் தங்கி டிசைன் படித்தேன். (கன்னியாஸ்திரிகள் என்ற ஒரே காரணத்துக்காக மாமா சம்மதித்தார்.) இருபத்து மூன்று வயதில் பெங்களூரில் விமானங்களுக்கு இருக்கை செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. விமானம் இல்லை, அதன் இருக்கைதான். இருந்தாலும் விமானத்துக்குள் போகும் இருக்கை! அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன்.

அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் எந்த முடிவும் சிதம்பரம் போய்வராமல் நடக்காது. மாமா அங்கே மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அம்மாவும் நானும் பஸ் ஏறிப் போய், கடிதத்தை அவர் மேசைமேல் வைத்தோம்.

"பெங்களூரா?" என்றார். கடிதத்தைப் படிக்கவில்லை. ஓரத்தில் கிரீஸ் கைரேகை மட்டும் வைத்தார்.

"ஆமா மாமா. பிளேனுக்கு சீட் செய்யிற கம்பெனி."

"உக்காறதுதான?"

"உக்காறதுதான், ஆனா அது வந்து..."

"அப்ப அது நாற்காலி. நாலு வருசம் படிக்க வெச்சது தச்சு வேலைக்கா?"

ஃபேன் ரிப்பேருக்கு வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த இரண்டு பேரின் முகமும் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. எங்கேயாவது பார்த்தால் விடமாட்டேன்.

"இங்கியே ஒரு ஸ்கூல்ல டிராயிங் டீச்சர் வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கேன். நம்ம வூட்லயே தங்கிக்கலாம்" என்றார் மாமா, விஷயம் முடிந்துவிட்ட மாதிரி.

அம்மா முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடியும் சுருட்டினாள். பிறகு என்னை எப்படியாவது உயர்த்திக் காட்ட வேண்டும் என்று, "இந்த வருசம் மாதா திருவிழாவுக்கு இவதான் சம்மனசு செய்யிறா, அண்ணே. மணிக்கூண்டுலேர்ந்து பறந்து வந்து மாதாவுக்கு மாலை போடுதாம். சாமியாரே இவள கூப்ட்டு சொன்னாரு" என்றாள்.

(சம்மனசு என்றால் வானதூதர். புது பைபிளில் வானதூதர் என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் பங்குக் கோயிலில் யாரும் மாற்றவில்லை.)

மாமா நாற்காலியில் சாய்ந்தார். "அப்பிடியா? சரி. சம்மனசு ஒழுங்கா வந்து மாதா கழுத்துல மாலை போடட்டும். நான் வந்து என் கண்ணால பாக்குறேன். போட்டுச்சுன்னா நீ பெங்களூர் போ. போடலன்னா டிராயிங் டீச்சர். அந்த மாலை என் உபயம்."

இதில் ஏதோ நியாயம் இருப்பதாக நானும் நம்பித் தலையாட்டினேன் பாருங்கள், அந்தப் பெண்ணை இன்றைக்குப் பார்த்தால் முதுகில் ஒன்று வைப்பேன்.

சம்மனசை மூன்று வாரம் செய்தேன். மெல்லிய மூங்கில், தெர்மாகோல், அதன்மேல் வெள்ளைத் துணி. மணிக்கூண்டின் இரண்டாம் தளத்திலிருந்து கோயில் வாசலில் தேர் நிற்கும் இடம்வரை, படகில் வலை இழுக்கும் இரும்புக் கம்பியைச் சரிவாகக் கட்டினோம். கம்பிமேல் இரண்டு சக்கரம், சக்கரத்தில் சம்மனசு. வாசல் பக்கத்தில் நான்கு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தால் சம்மனசு கிழக்கே பார்த்துப் பறந்து வரும். தேரை எட்டியதும் கைவிரல் மாதிரி ஒரு கொக்கி திறந்து, மாலை மாதா கழுத்தில் விழும். மாலைக்கு நான் கொடுத்த எடை மூன்று கிலோ. மூன்று கிலோ உப்புப் பாக்கெட்டைக் கட்டி எட்டு முறை ஓட்டிப் பார்த்தேன். எட்டு முறையும் தேவதை மாதிரி வந்தது.

இதோடு விட்டிருந்தால் நான் புத்திசாலி. ஆனால் எனக்கு இறக்கை வெறும் அலங்காரமாக இருப்பது பிடிக்கவில்லை. செம்பருந்தின் இறக்கை மாதிரியே மேலே வளைவு, கீழே தட்டை என்று நிஜ இறக்கையாகச் செய்து மாட்டினேன். யாரும் கேட்கவில்லை. யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. எனக்குத் தெரிய வேண்டும் என்று செய்தேன்.

எட்டு முறையும் காலை ஏழு மணிக்கு ஓட்டிப் பார்த்தேன். தேர் கிளம்புவது மாலை நாலரை மணிக்கு. கடலூரில் பிறந்து, கடலூர் மீனைத் தின்று வளர்ந்தவளுக்கு, சாயங்காலமானால் கிழக்கேயிருந்து கடற்காற்று அடிக்கும் என்பது ஞாபகத்துக்கு வரவில்லை. எங்கள் தெருவில் கொடியில் துணி காயப்போடும் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

திருவிழா அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மாமா சிதம்பரத்திலிருந்து வேனில் வந்து இறங்கினார். பின்னால் இரண்டு பேர் மாலையைத் தூக்கி வந்தார்கள். ஆமாம், இரண்டு பேர். ரோஜாவும் சம்பங்கியும் என் தொடை கனத்துக்குக் கட்டியிருந்தது. வாடாமல் இருக்க வழி நெடுகத் தண்ணீர் தெளித்து வந்ததில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தூக்கிப் பார்த்தேன். பத்து கிலோவுக்குக் குறையாது.

"மாமா, மூணு கிலோன்னு சொல்லி அனுப்பினேனே!"

"மாலைன்னா மாலையா இருக்கணும். சிதம்பரத்துலேர்ந்து உபயம் குடுக்கிறவன் நூல் மாதிரி கொண்டாந்தா ஊரு சிரிக்காதா?"

"கம்பி தாங்காது மாமா."

"ஏண்டி, பிளேன்ல எரநூறு பேரு பொட்டி படுக்கையோட ஏறுறானுவ. அது பறக்குது. உன் சம்மனசு ஒரு மாலைய தூக்காதா?"

சுற்றி நின்ற திருவிழாக் கமிட்டிக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். தூக்காது என்று சொல்ல வேண்டும். படித்த படிப்பு முழுவதும் அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் மூளை வேலை செய்யாது.

"தூக்கும்!" என்றேன்.

மணிக்கூண்டில் ஏறினால் அங்கே அடுத்த கூத்து. உபதேசியார் சம்மனசின் இடுப்பில் ஒரு மஞ்சள் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். (உபதேசியார் என்றால் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுத்து, சாமியாருக்கு அடுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர்.) வழக்கமாக விண்ணப்பம் எழுதுகிறவர்கள் மாதா காலடியில் இருக்கும் பெட்டியில் போடுவார்கள். இந்த வருடம் சம்மனசு நேராக மாதாவிடமே போகிறது என்று தெரிந்ததும் பெட்டியை ஒருவரும் சீந்தவில்லை. ஊரே மணிக்கூண்டுப் படியில் வரிசை கட்டி நின்றது.

"கையோட குடுத்தா மாதா ஒடனே பாப்பாங்கள்ல" என்றார் உபதேசியார்.

ஸ்கேன் ரிப்போர்ட், ஹால் டிக்கெட், குவைத் விசாவுக்காக ஒரு பாஸ்போர்ட் ஜெராக்ஸ், வீட்டு பிளான், எல்லாம் பைக்குள் போனது. பையை அவிழ்த்து வீச வேண்டியவள் நான். வீசவில்லை. ஏனென்றால் மாமா மேல் இருந்த ஆத்திரத்தில் நானும் ஒரு தாளைக் கிழித்து நாலு வரி எழுதி, மடித்து, அந்தப் பைக்குள் திணித்தேன். என்ன எழுதினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். சொல்ல எனக்கே கொஞ்சம் தெம்பு வேண்டும்.

நாலரைக்கு வாசலில் தேர் தயாராக நின்றது. பேண்டு வாத்தியம் முழங்கியது. கோயில் வளாகம் முழுக்கத் தலை. நான் மணிக்கூண்டிலிருந்து மாமாவைத் தேடினேன். முன்வரிசையில் அவருக்குப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. என் தலையெழுத்தைத் தீர்மானிக்க வந்த மனுஷன், சாப்பாடு முடிந்ததிலிருந்து ஆளையே காணோம்! பார்க்கக்கூட மதிப்பில்லையா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலிலேயே சம்மனசைப் பிடித்து வைத்திருந்த கட்டை அவிழ்த்தேன்.

சம்மனசு கிளம்பியது. முதல் பத்தடி அருமை. ஜனங்கள் "மாதாவே!" என்று கை குவித்தார்கள். அதற்குப் பிறகு மாமாவின் மாலை தன் வேலையைக் காட்டியது. கம்பி வளைந்தது. பாதி வழியில் சம்மனசு, குழந்தை தூங்கும் ஏணை மாதிரி தொங்கி நின்றுவிட்டது. வாசலில் நான்கு பேர் இழுத்தார்கள். வரவில்லை. இன்னும் நான்கு பேர் சேர்ந்து வெடுக்கென்று வெட்டி இழுத்தார்கள். கொக்கி திறந்துகொண்டது. பத்து கிலோ ரோஜாவும் சம்பங்கியும் நேரே கீழே நின்ற பேண்டுக்காரர் கழுத்தில், அளவெடுத்த மாதிரி, போய் விழுந்தது. அவர் ட்ரம்பெட்டோடு மண்டியிட்டுவிட்டார். பக்தியில் இல்லை, பாரத்தில்.

பத்து கிலோ குறைந்தது. கடற்காற்று அடித்தது.

அப்போது நடந்ததைச் சொன்னால் எங்கள் வீட்டில் இன்றும் யாரும் நம்புவதில்லை. சம்மனசின் இறக்கை காற்றை வாங்கியது. சக்கரம் இரண்டும் கம்பியை விட்டு எழுந்தன. ஒரு சாண், ஒரு முழம். வாசலில் இருந்தவர்கள் பிடித்திருந்த கயிறு பட்டத்து நூலாக மாற, சம்மனசு கம்பிக்கு மேலே, ஒரு அசைவும் இல்லாமல், துறைமுகத்துச் செம்பருந்து மாதிரி நின்றது. நான் வடிவமைத்த ஒன்று, தானாக, காற்றில் நின்றது! மாமா, மாலை, பெங்களூர் எல்லாம் மறந்துபோய் மணிக்கூண்டில் நின்று அழுதேன்.

அந்த அழுகை பத்து விநாடிகூட நிலைக்கவில்லை. "வுடாத, இழு!" என்று கமிட்டித் தலைவர் கத்தினார். எட்டுப் பேரும் இழுத்தார்கள். சம்மனசு குப்புற அடித்து, தலைகீழாகக் கம்பியில் சிக்கியது. கால் இரண்டும் வானத்தைப் பார்த்தன. மஞ்சள் பை வாயைத் திறந்தது.

விண்ணப்பங்கள் கூட்டத்தின் தலையில் மழையாகப் பெய்தன. குனிந்து எடுத்தவர்கள் உரியவரைத் தேடிக் கொடுத்திருக்கலாம். ஒருவர்கூட அப்படிச் செய்யவில்லை. எல்லோரும் பிரித்துப் படித்தார்கள். "என் மருமவ வாய் அடங்கணும்" என்ற விண்ணப்பம் அந்த மருமகள் கையிலேயே கிடைத்தது. "எதிர்க்கடை படுத்துரணும்" என்பதை எதிர்க்கடைக்காரர் சத்தம் போட்டு வாசித்தார். தேர் கிளம்புவதற்கு முன்பே மூன்று இடத்தில் சண்டை. சாமியார் மைக்கில் "அமைதி, அமைதி" என்றார். பிறகு பேண்டுக்காரர் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றி, ஏணி போட்டு ஏறி, தன் கையாலேயே மாதாவுக்குப் போட்டார்.

நான் படியிறங்கி வந்தபோது அம்மா கோயில் படிக்கட்டில் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. தாளை என்னிடம் நீட்டினாள். கிரீஸ் கைரேகையைப் பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது.

"மாதாவே, ஜெனி பெங்களூர் போகக்கூடாது. அந்தச் சம்மனசு பாதியில் நிற்க வேண்டும். நான் கேட்டதாக யாருக்கும் தெரிய வேண்டாம். இப்படிக்கு, சவரிமுத்து, சிதம்பரம்."

பந்தயம் வைத்தவர் அவர், நடுவர் அவர். தோற்கடிக்க மாலையும் அவருடையது, மேலிடத்துச் சிபாரிசும் அவருடையது! பல்லை நறநறவென்று கடித்தேன்.

அம்மா விறுவிறுவென்று மணிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கும் பங்கு மண்டபத்துப் பக்கம் நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். மண்டபத்து மூலையிலிருந்து மாமா வேட்டியைச் சரிசெய்தபடி வந்துகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஒரு கை சட்டைப் பையில் இருந்தது.

"அண்ணே, அப்பா ஸ்தானத்துல இருக்கேன்னுதான் உன்னாண்ட வந்து கேட்டோம்" என்றாள் அம்மா. அவள் அண்ணனிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "போவக் கூடாதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல? எம்பொண்ணு மூணு வாரமா சோறு தண்ணி இல்லாம செஞ்சா. அது நிக்கணும்னு மாதாவுக்கு லெட்டர் போட்டிருக்கியே!"

மாமா அந்தத் தாளைப் பார்த்தார். "இல்ல ரோசா, பொட்டப் புள்ள, ஒண்டியா..."

"சம்மனசு நின்னா நிக்கட்டும். திங்கக்கெழம எம்பொண்ணு பஸ் ஏறுறா. நானே கூடப் போயி வுட்டுட்டு வருவேன்."

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டாமல் வேனில் போய் உட்கார்ந்தார். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

திங்கட்கிழமை பஸ் ஏறினேன். அம்மா பெங்களூர்வரை ஒரு பை நிறையக் கருவாட்டோடு கூட வந்தாள். அதிலிருந்துதான் நான் முதலில் சொன்ன இருக்கை, மிக்சி, கட்டில் எல்லாம். சம்மனசும் எங்கள் குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது. வடலூர் கேட்டில் ரயிலுக்காகக் கார் நின்றாலும், ஆதார் திருத்தம் ஆபீசில் நின்றாலும், லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றாலும், "சம்மனசு நிக்குதுடா" என்பார்கள். சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நான்கு வருடம் கழித்துச் சிதம்பரத்தில் என் கல்யாண வரவேற்பு. மாமாதான் முன்நின்று நடத்தினார். மணமக்களை வாழ்த்திப் பேச மைக்கைப் பிடித்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரப்படுத்திய தாள். என் கையெழுத்து.

"திருவிழா அன்னிக்கி மண்டபத்துப் பின்னால கக்கூஸ்லேர்ந்து வெளிய வரேன். அட்ரஸ் போட்ட மாதிரி இது பறந்து வந்து என் காலாண்ட விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டு, முந்நூறு பேர் முன்னால், மாப்பிள்ளை வீட்டார் முன்னால், கண்ணாடி மாட்டிக்கொண்டு நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"மாதாவே, சவரி மாமாவுக்கு இன்றைக்குத் தேர் கிளம்பும்வரை வயிற்றால் போகட்டும். வேறு கெடுதல் எதுவும் வேண்டாம். இப்படிக்கு, ஜெனி."

மண்டபம் அதிர்ந்தது. என் மாமியார் சிரித்த சிரிப்பில் அவர் கொண்டை அவிழ்ந்தது. சத்தம் அடங்கும்வரை மாமா காத்திருந்தார்.

"பகல் சாப்பாட்டுக்கு அப்பறம் ஆரமிச்சது, தேர் கெளம்புறவரைக்கும் நான் வெளிய வரல. அன்னிக்கி ஊரு பூரா எழுதிக் குடுத்தாங்க. நானுந்தான் எழுதினேன், இவ அங்க போயிட்டா. இவ எழுதினது மட்டும் சம்மனசு பறக்கறதுக்கு முன்னாடியே போயிச் சேந்துடுச்சு."

அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பந்தயத்தை ஏமாற்றியது ஏமாற்றியதுதான். அவருக்கும் அது தெரியும். இப்போதும் எங்கள் வீட்டுக்கு வந்தால், கை கழுவிவிட்டு இலைமுன் உட்கார்ந்து, பிரியாணியைத் தொடாமல் என்னைப் பார்ப்பார்.

"ஜெனி, இன்னிக்கி மாதாவுக்கு எதுனா எழுதினியாடி?"

நான் ஒருநாளும் "இல்லை" என்று சொன்னதில்லை.